பதினாறு பிக்சலுக்குள் ஒரு கமக்காரர்

நானும் என் மச்சானும் சேர்ந்து சிறிய கணினி விளையாட்டு ஒன்றைச் செய்துவருகிறோம். நிரல் எழுதுவது அவனுடைய வேலை. மனிதர், மாடு, மரம், மண், தண்ணீர், எழுத்துரு என்று கண்ணுக்குத் தெரிகிற அனைத்தும் என் பொறுப்பு. பகலில் கிளிநொச்சியில் ஓர் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ்களையும் நினைவஞ்சலிப் பதாகைகளையும் வடிவமைப்பதால், இதற்குக் கிடைப்பது இரவு மட்டுமே. கதை நடப்பது வன்னியில் ஒரு குளத்தின் கீழே இருக்கிற கற்பனைக் கிராமத்தில். சோளகம் வீசுகிற கோடையில் தொடங்கி, மாரி வந்து குளம் நிறைந்து, காலபோக (மாரிக்கால நெல்) அரிவு வெட்டோடு ஆட்டம் முடிகிறது. துருசை, அதாவது குளத்து மதகை, திறந்து மூடி, வாய்க்காலின் தலைப்பில் உள்ள வயலுக்கும் கடைக்கோடியில் உள்ள வயலுக்கும் சண்டை வராமல் தண்ணீரைப் பங்கிடுவதுதான் ஆடுபவரின் வேலை. அதில் சண்டை வராமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது குளத்தை நம்பிக் கமம் செய்கிற எவருக்கும் தெரியும்.

திரைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக நிரப்பி வரைகிற பிக்சல் ஓவியத்துக்கு ஆயத்தத் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவும் மலிவாகவும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தரவிறக்கினால் ஒரே மாலையில் ஒரு கிராமத்தை எழுப்பிவிடலாம். ஆனால் அது ஊசியிலை மரங்களும், புகைக்கூண்டு வைத்த வீடுகளும், வெட்டிவிட்டதுபோன்ற புல்வெளியும் உள்ள கிராமமாகவே இருக்கும். தென்னை இருந்தால் அது கடற்கரைத் தொகுதியில் இருக்கும், பனை எதிலும் இருக்காது. செய்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் தங்களுக்குத் தெரிந்த நிலத்தைச் செய்திருக்கிறார்கள். எனினும் இவ்வளவு சிறிய படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிவு; நாம் முடிவெடுக்காமல் விட்ட இடத்தையெல்லாம் ஆயத்தப் படம் தன் ஊரைக் கொண்டுவந்து நிரப்பிவிடுகிறது. எனவே எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைவது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானம் எங்கெல்லாம் கொண்டுபோய் விட்டது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் அளவு. எங்கள் திரை 320 பிக்சல் அகலம், 180 பிக்சல் உயரம். இதை 4 மடங்காக்கினால் 1280×720, 6 மடங்காக்கினால் 1920×1080 என்று இன்றைய திரைகளில் சரியாகப் பொருந்தும். பிக்சல் ஓவியத்தை முழு எண்ணால் மட்டுமே பெருக்க வேண்டும். நாலேகால் மடங்கு என்று போனால் சில பிக்சல் தடித்தும் சில மெலிந்தும் போய், நேர்த்தியாக வரைந்த முகம் கோணிவிடும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளிடம் இருக்கிற பழைய மடிக்கணினிகளில் பல 1366×768 திரை கொண்டவை. அவற்றில் 4 மடங்குதான் வைக்க முடியும். இடமும் வலமும் 43, மேலும் கீழும் 24 பிக்சல் கறுப்பு ஓரம் விழும். மச்சானுக்கு அந்த ஓரம் பிடிக்கவில்லை. எனக்கு முகம் கோணாமல் இருந்தால் போதும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வரைவதற்கு ஏஸ்பிரைட், ஆட்டத்தை ஓட்டுவதற்குக் கோடோ. கோடோ முற்றிலும் இலவசம். ஏஸ்பிரைட்டை விலைக்கும் வாங்கலாம், மூலநிரலை எடுத்து நாமே தொகுத்துக்கொள்ளவும் முடியும். படங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது ஜேபெக்காக அமுக்கி ஓரமெல்லாம் அழுக்காக்கிவிடும். ஆவணமாக அனுப்ப வேண்டும். இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சச்சரவு தீரும்.

எங்கள் மனிதர்கள் 16 பிக்சல் அகலமும் 24 பிக்சல் உயரமும் கொண்டவர்கள். மொத்தம் 384 புள்ளி. சுற்றியுள்ள வெற்றிடத்தைக் கழித்தால் அதிலும் பாதிதான் ஆளுக்கு மிஞ்சும். இவ்வளவு குறைந்த இடத்தில் ஓர் ஆளை அடையாளம் காட்டுவது எப்படி என்ற கேள்விக்கு, இத்துறையில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் விடை மாரியோ. 1981இல் டொங்கி கொங் விளையாட்டுக்காக ஜப்பானிய வடிவமைப்பாளர் ஷிகெரு மியாமோட்டோ அந்த உருவத்தை அமைத்தபோது, இருந்த இடத்தில் வாயை வரைய முடியாததால் மூக்கைப் பெரிதாக்கி அதன் கீழே மீசையை வைத்தார். தலைமயிரை வரைவதும் அசைப்பதும் சிரமம் என்பதால் தொப்பியைப் போட்டார். நடக்கும்போது கை வீசுவது உடலிலிருந்து பிரிந்து தெரிய வேண்டும் என்பதால் தோளில் மாட்டுகிற காற்சட்டையை உடுத்தினார். பிற்காலத்தில் உலகமே அறிந்த அந்த முகம் முழுவதும் இடநெருக்கடியின் விளைவு. ஆனால் இந்தக் கதையை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் மீசையையும் தொப்பியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்துக்கொள்ள வேண்டியது அவற்றை அல்ல. இந்த ஆளிடம் எது போனாலும் எது போகக்கூடாது என்று அவர் கேட்ட கேள்வியை.

அந்தக் கேள்வியோடு எங்கள் கமக்காரரிடம் வருகிறேன். பெரும்பாலான பிக்சல் விளையாட்டுகளில், ஜப்பானிய வழக்கத்தைப் பின்பற்றி, உடலில் பாதியோ மூன்றில் ஒன்றோ தலையாக இருக்கும். தலை பெரிதானால் கண் பெரிதாகும், கண் பெரிதானால் உணர்ச்சியைக் காட்டலாம் என்பது அதன் நியாயம். நான் அதைக் கைவிட்டேன். 24 பிக்சலில் தலைக்கு 6 மட்டும் கொடுத்தேன். அதனால் கண்ணுக்கு ஒரு பிக்சல்கூட நிச்சயமில்லை, தலைப்பாகை கட்டியவருக்கு அதன் நிழலில் கண்ணே இல்லை. வயல்வெளியில் தூரத்தில் வருபவரை நாம் முகம் பார்த்து அறிவதில்லை. மண்வெட்டி எந்தத் தோளில், முதுகு எவ்வளவு வளைவு, நடையில் என்ன அவசரம் என்பதைப் பார்த்துத்தான் "உது பெரியப்பா வாறார்" என்கிறோம். ஆகவே இடத்தை முகத்துக்குக் கொடாமல் முதுகுக்கும் கால்களுக்கும் கொடுத்தேன். மண்வெட்டியின் அலகு மட்டும் 16 பிக்சல் எல்லையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதற்காக அவருடைய படச் சட்டத்தை 24 பிக்சல் அகலமாக்க வேண்டியிருந்தது. அந்த அலகுதான் அவர். அதை நீக்கிவிட்டுப் பார்த்தால் எஞ்சுவது சாரம் கட்டிய யாரோ ஒருவர்.

சாரத்தை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியவராகத்தான் அவரை வரைந்திருந்தேன். கால் இரண்டும் பிரிந்து தெரிவதால் நடையை அசைவூட்ட அது வசதி. முன்னோட்டத்தை வீட்டில் ஓடவிட்டபோது, கோயில் வாசலில் வயதான ஒருவருடன் அவர் கதைத்துக்கொண்டிருக்கிற இடத்தைப் பார்த்து அப்பா கேட்டார்: "உவன் ஆரடா, பெரிய ஆக்களுக்கு முன்னால சாரத்தை மடிச்சுக்கொண்டு நிக்கிறான்?"

ஒரு முழுக் கட்டுரையில் சொல்ல முடியாததை அந்தக் கேள்வி சொல்லிவிட்டது. இப்போது அவருக்கு இரண்டு தொகுதிப் படங்கள் உண்டு. வயலில் மடித்த சாரம். கோயில் வீதியிலும், மூத்தவர் எதிரே வரும்போதும், அலுவலகப் படியிலும் ஒரு நொடி நின்று குனிந்து அதை இறக்கிவிடுகிறார். இறக்கிய சாரத்தோடு நடக்கும்போது காலடி குறுகுகிறது, வேகமும் கொஞ்சம் குறைகிறது. படங்கள் இரட்டிப்பாகின, உழைப்பும் இரட்டிப்பாகியது. ஆயினும் வசனமே இல்லாமல் இரண்டு பேருக்கு இடையில் உள்ள உறவைக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை. அதே நேரம், தோளில் கிடக்கிற துவாயை எடுத்துக் கமுக்கட்டில் வைக்கிற அசைவையும் சேர்க்கலாம் என்று மச்சான் சொன்னான். அதைச் சேர்க்கவில்லை. சாரத்தை இறக்குவது எங்கள் ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் செய்கிற மரியாதை. துவாயைத் தோளிலிருந்து எடுப்பது யார் யாருக்கு முன்னால் எடுக்க வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு சாதி வரலாறு இருக்கிறது. அதை நான்கு பிக்சலில் அழகான அசைவாக மட்டும் காட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பதுதான் ஆள் என்ற இதே விதியில் இன்னொரு முடிவும் அடங்கியிருக்கிறது. வன்னியைப் பற்றிய விளையாட்டு என்று சொன்னதும் பலரும் கேட்கிற முதற் கேள்வி, அதில் ஆமிக்காரர் இருக்கிறார்களா, இயக்கம் இருக்கிறதா என்பது. யாரும் இல்லை. சுடுகிற விளையாட்டுகள்மீது எனக்கு வெறுப்பில்லை, நானும் ஆடியவன்தான். ஆனால் 16 பிக்சல் உருவம் ஒன்றின் கையில் துவக்கைக் கொடுத்தால், பார்ப்பவருக்குத் துவக்கு மட்டுமே தெரியும். அதைப் பிடித்திருக்கிற ஆள் அதற்குப் பின்னால் மறைந்துபோவார். பெரிய ஓவியத்திலோ நாவலிலோ அந்த ஆளை மீட்டெடுக்க இடமுண்டு. இந்த அளவில் இல்லை.

தோல் நிறத்துக்கு வருகிறேன். ஆயத்த வண்ணத் தொகுதிகளில் 'தோல்' என்று பெயரிட்டு வைத்திருப்பது பெரும்பாலும் இளஞ்சிவப்புச் சாயல். அதைக் கருமையாக்கினால் போதும் என்று தோன்றும், போதாது. உருவத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு இடுவது பழைய வழக்கம், வெளிர்ந்த தோலுக்கு அது நன்றாக இருக்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் நிற்கிற எங்கள் தோலில், வெளிக்கோடும் தலைமயிரும் கன்னத்தின் நிழலும் ஒன்றோடொன்று ஒட்டி, தலை ஒரு கறுத்த உருண்டையாகிவிடுகிறது. ஆகவே வெளிக்கோட்டைக் கறுப்பில் போடாமல் அடர்ந்த அரக்கு நிறத்தில் போட்டேன். வெயில் விழுகிற பக்கத்தில் கோட்டையே எடுத்துவிட்டேன். தலைமயிரில் எண்ணெய் பளபளப்புக்கு நீலம் கலந்த ஒரே ஒரு பிக்சலை வைத்தேன். அந்த நீலப் புள்ளி வந்ததும் முகம் தலையிலிருந்து பிரிந்து வந்தது. நிழலுக்கு அதே நிறத்தின் இருண்ட வடிவத்தை எடுக்காமல் நீலம், ஊதாப் பக்கமாகவும், வெளிச்சத்துக்கு மஞ்சள் பக்கமாகவும் நகர்த்துவது பிக்சல் ஓவியர்கள் எல்லோருக்கும் பழக்கமான உத்தி. கறுத்த தோலில் அது அலங்காரமாக நின்றுவிடுவதில்லை. அது இல்லாமல் படமே வராது.

பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை இதற்கு நேரெதிரான சிக்கல். வெயிலில் வெளிறிய தரையில் வெள்ளைச் சட்டை கரைந்துபோகிறது. முழு வெள்ளையை ஆட்டத்தில் வேறு எதற்கும் பயன்படுத்துவதில்லை என்று வைத்துக்கொண்டேன். குளத்து நீரின் மினுக்கத்துக்குக்கூட மங்கிய மஞ்சள்தான். பிறகு சட்டையின் கீழ் விளிம்பில் ஒரு வரிசை பிக்சலைச் செம்மண் நிறமாக்கினேன். காலையில் பள்ளிக்குப் போகிற காட்சியில் அந்த வரிசை வெள்ளை, திரும்பி வருகையில் செம்மண். கிரவல் ஒழுங்கையால் நடந்து பள்ளிக்குப் போன எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

நிலத்தின் வண்ணம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பழைய கருவிகளில் வண்ணம் எண்ணித்தான் கிடைத்தது: 1989இல் வந்த கேம்போய்க்கு 160×144 பிக்சல் திரையில் நான்கே சாயல்கள். இன்று அந்தத் தடை எதுவும் இல்லை, ஆனாலும் வண்ணங்களைக் குறைத்து வைத்துக்கொண்டால்தான் படங்கள் ஒரே ஊரைச் சேர்ந்தவையாகத் தெரியும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே உருவம், நிறம் மட்டும் வேறு என்பது பலருக்கும் தெரிந்த சங்கதி. அந்தச் சிக்கனத்தை நான் பருவத்துக்குப் பயன்படுத்துகிறேன். ஒரே தரைப் படங்கள், இரண்டு வண்ணப் பட்டியல்கள்: ஒன்று மாரிக்கு, மற்றது கோடைக்கு. ஆயத்தத் தொகுதிகளில் நான்கு பருவம் இருக்கும். இலையுதிர் காலத்தில் மரமெல்லாம் சிவக்கும், பிறகு பனி விழும். எங்களுக்கு அது இரண்டும் இல்லை. இங்கே முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது: வன்னிக் காடு பெரும்பாலும் பசுமை மாறாத உலர்காடு. ஆடி மாதத்தில் புல் வைக்கோலாகி, வரம்பு வெடித்து, ஒழுங்கை தூளாகப் பறக்கும்போதும் பாலையும் வீரையும் இருண்ட பச்சையாகவே நிற்கும். அதனால் தரையின் பச்சையும் மரத்தின் பச்சையும் மாரியில் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும், வண்ணப் பட்டியலில் அவை வேறு வேறு இடத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கோடை வந்ததும் ஒன்று மட்டும் காய்ந்து மற்றது நிலைக்கும். மச்சானுக்கு இது வீண் செலவாகத் தெரிந்தது. பருவம் மாறுகிற காட்சியை ஓடவிட்டதும் பேசாமல் இருந்துவிட்டான்.

நிழலிலும் இப்படி ஒன்று. பிக்சல் ஓவியப் பாடங்கள் எல்லாம் ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருவதாக வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. கிளிநொச்சி ஏறக்குறைய 9.4 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டையொட்டியும் ஆவணியிலும் நண்பகற் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். அந்த நேரத்தில் நிழல் பக்கத்தில் விழாது, காலடியிலேயே சுருண்டு கிடக்கும். ஆட்டத்தில் காலைக்கும் மாலைக்கும் நீண்ட நிழல் வைத்தேன்; நண்பகலுக்கு ஒவ்வோர் உருவத்தின் கீழும் இரண்டு வரிசைப் பிக்சல் மட்டும். தலைப்பாகையின் கீழே முகம் இருள்வதும், தோளின் மேற்பக்கம் மட்டும் வெளிறுவதும் அந்த நேரத்தின் வெக்கையைத் தாமாகவே கொண்டுவந்துவிட்டன.

குளக்கட்டை வரைவதற்குத்தான் எல்லாவற்றையும்விட நாள் எடுத்தது. கட்டு நீளமாக, மெல்ல வளைந்து போகிற ஒன்று. பிக்சலில் வளைவு என்பது படிக்கட்டு; 5, 4, 3, 2, 1 என்று படிகளின் நீளம் ஒழுங்காகக் குறைந்தால் கண் அதை வளைவாக ஏற்கும், இடையில் 5, 2, 4 என்று ஒன்று இடறினால் அந்த இடத்தில் முறிவு தெரியும். வரையத் தெரிந்தவர்களுக்கும் இது ஆரம்பத்தில் எரிச்சல் தருகிற விதி. எனக்கு அது பழகியதாக இருந்ததற்குக் காரணம் அம்மம்மாவின் பன்னவேலை. சாயமிட்ட பனையோலைச் சார்வை வைத்து அவர் பெட்டியில் பூவும் மயிலும் எடுப்பார். அவற்றில் ஒரு வளைகோடும் கிடையாது, எல்லாம் சதுரம் சதுரமாக ஏறி இறங்குபவை. எந்த இடத்தில் ஒரு சார்வை கூடுதலாக விட்டால் மயிலின் கழுத்து உடையும் என்பது அவருடைய விரலுக்குத் தெரிந்திருந்தது. 1984இல் வந்த மக்கின்டோஷ் கணினிக்கு 32×32 சதுரத்தில் படவுருக்களை அமைத்த சூசன் கேரும் முதலில் சதுரக் கோட்டுத் தாளில்தான் கட்டங்களை நிரப்பினார். தையற்பூவேலையும் மொசைக்கும் கைவந்தவருக்கு அது புதிய கலையாகத் தெரியவில்லை என்று அவரே பல இடங்களில் கூறியிருக்கிறார். நானும் இன்னும் சதுர றூள் கொப்பியில்தான் தொடங்குகிறேன். மின்சாரம் நின்ற இரவுகளிலும் வேலை நிற்பதில்லை என்பது கூடுதல் வசதி.

பனையை மூன்று வகை டைல்களாக, அதாவது அடுக்கிச் சேர்க்கிற துண்டுப் படங்களாக, பிரித்தேன்: அடி, நடு, வட்டு. நடுவை வேண்டிய அளவு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உச்சியில் வட்டை வைத்தால் நெட்டையும் குட்டையுமாகப் பனங்கூடல் வந்துவிடும். ஷெல் விழுந்து தலை போன பனைகள் இன்னும் எங்கள் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றுக்காகப் புதிதாக ஒன்றும் வரைய வேண்டியிருக்கவில்லை. வட்டு டைலை வைக்காமல் விட்டாலே போதும். முதலில் மச்சான் அதைத் தரவுப் பிழை என்று நினைத்து நிரப்பிவிட்டான், பிறகு தானே எடுத்துவிட்டான். போரைப் பற்றி ஆட்டத்தில் இருப்பவை இதுபோன்றவையே. இன்னொன்று மிதிவெடி எச்சரிக்கைப் பலகை: சிவப்புப் பலகையில் வெள்ளை மண்டையோடு. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரிய வேண்டும் என்று அமைக்கப்பட்ட சின்னம் என்பதால், 10 பிக்சலுக்குச் சுருக்கியும் அது ஒரு துளி தெளிவையும் இழக்கவில்லை. நான் வரைந்தவற்றில் முதல் முயற்சியிலேயே சரியாக வந்த டைல் அதுதான். அதில் பெருமைப்பட ஏதுமில்லை.

எழுத்து ஒரு தனித் தலைவலி. ஆங்கில எழுத்தை 8×8 சதுரத்தில் அடக்கிவிடலாம். தமிழில் சுழிக்கு நடுவே ஒரு வெற்றுப் பிக்சலாவது இருந்தால்தான் அது சுழி, இல்லையேல் பொட்டு. ன வுக்கும் ண வுக்கும் உள்ள வேறுபாடு ஒரு சுழி என்பதால் ண வை அதற்குக் கீழே சுருக்க முடியாது. நான் 14 பிக்சல் உயரத்தில் நிறுத்தினேன், ண மட்டும் 13 அகலம் போயிற்று. உரையாடற் பெட்டியில் ஒரு வரிக்கு ஏறக்குறைய 30 எழுத்து, அதாவது நாலைந்து சொல். அது ஒருவகையில் நன்மையாகவே முடிந்தது: எங்கள் பாத்திரங்கள் நீட்டி முழக்க முடியாது. "தண்ணி இண்டைக்கு வராது" என்றால் அவ்வளவுதான். கோடோவின் 3ஆம் பதிப்பில் கெ, கொ போன்றவற்றின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்துகொண்டிருந்தது. 2023இல் வந்த 4ஆம் பதிப்பு அதைத் தீர்த்துவிட்டதால் மச்சான் எழுதிவைத்திருந்த ஒட்டுவேலைகளை எல்லாம் அழிக்க முடிந்தது.

யானையை இன்னும் முடிக்கவில்லை. இரவில் வயலுக்கு வருகிற யானை, காவல் கொட்டிலில் இருந்து பார்க்கையில் இருட்டைவிடச் சற்றே அடர்ந்த இருட்டு. அவ்வளவே தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். "மச்சான், ஆனைக்குக் கொம்பு எங்க?" என்றான் அவன். இலங்கையில் ஆண் யானைகளிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் இல்லை. எங்கள் வயலை மிதித்த எதற்கும் இருந்ததில்லை. ஆனாலும் படம் என்று வரும்போது அவன் மனத்தில் எழுவது தந்தமுள்ள யானை. அவன் மட்டுமல்ல, முன்னோட்டத்தைப் பார்த்த சிலர் அதைப் பாறை என்றார்கள். தந்தம் வைக்கப்போவதில்லை. காது விசிறுவதையும் நெற்கதிரை உதறுவதையும் வைத்துச் சொல்ல முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, கடை வைத்திருக்கிற அக்கா. எங்கள் உறவில் ஒருவருக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். அவருடைய அனுமதியோடு அந்தப் பாத்திரத்தை அமைத்தேன். சாதாரணமாக நடைக்கு நான்கு பிரேம்கள்: ஒரு கால் முன்னே, இரண்டும் சேர்ந்து, மறு கால் முன்னே, மீண்டும் சேர்ந்து. வலப்பக்கம் பார்த்து நடப்பதை வரைந்தால், இடப்பக்கத்துக்கு அதையே கண்ணாடிபோல் திருப்பிக்கொள்ளலாம். இவருக்கு அந்தச் சுருக்குவழி சரிப்படாது. திருப்பினால் செயற்கைக்கால் வலக்காலாகிவிடும். எனவே இரண்டு பக்கமும் தனித்தனியே. சீலை கணுக்கால்வரை மறைப்பதால் காலில் காட்ட எதுவுமில்லை, காட்டவும் வேண்டியதில்லை. அவருடைய நடையைக் கூர்ந்து பார்த்தபோது விளங்கியது, வேறுபாடு வடிவத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது என்பது: நல்ல கால்மேல் உடல் சற்று நீளமாகவும், மற்றதன்மேல் சற்றுக் குறைவாகவும் தங்குகிறது. ஏஸ்பிரைட்டில் ஒவ்வொரு பிரேமுக்கும் தனி நேரம் கொடுக்கலாம். மற்றவர்களுக்கு எல்லாப் பிரேமும் 150 மில்லிசெக்கன். இவருக்கு வலக்கால் தாங்குகிற பிரேம் 190, இடக்கால் தாங்குகிறது 120. தோள் அந்த ஒரு பிரேமில் ஒரு பிக்சல் உயர்கிறது. வேறு எதையும் மாற்றவில்லை. ஓடவிட்டுப் பார்த்ததும் அவரை அறிந்த எல்லோருக்கும் அது அவர்தான்.

அவரிடம் காட்டினேன். நன்றாகப் பார்த்தார். "நடை சரிதான்" என்றார். பிறகு, "ஆனால் தம்பி, நான் எங்கை இவ்வளவு தூரம் நடக்கிறனான்? சந்தைக்கும் பாங்குக்கும் சைக்கிளில எல்லோ போறன். ஏத்திவிடு" என்றார்.

உண்மைதான். ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் அவரை நினைப்பது, கரியரில் சாமான் பெட்டி கட்டிய அந்தச் சைக்கிளோடுதான். எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருப்பது அந்தப் பெட்டி. நடையைக் கடைக்குள் மட்டும் வைத்துக்கொண்டு, வெளியே சைக்கிளை வரைந்தேன். பக்கவாட்டில் 32 பிக்சல் நீளம். நேரே வரும்போது கைப்பிடியோடு 12 பிக்சல். ஆரைக்கம்பிகளை ஒவ்வொன்றாக வரைந்தால் சில்லு சுழலும்போது இரைச்சலாகத் தெரிவதால், சில்லில் ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் சுற்றி வருகிறது. இப்போது மச்சானின் முறைப்பாடு, வயல் வரம்பு ஒரே ஒரு டைல் அகலம் என்பதால் அதில் சைக்கிள் திரும்ப முடியாது என்பது. வரம்பை அகலமாக்கச் சொல்கிறான். வரம்பு அகலமாக்கினால் வயல் குறையும், எந்தக் கமக்காரரும் அதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார். அக்கா அந்த இடத்தில் இறங்கி உருட்டிக்கொண்டு போவார் என்று சொல்லியிருக்கிறேன். உருட்டுவதற்கும் நான்கு பிரேம்கள், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியே, இந்தக் கிழமை வரைய வேண்டும்.